இருட்டை இருட்டாக விடுங்கள்: பழைய கட்டட உட்புறங்களுக்கு எச்.டி.ஆர். எடிட்டிங்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். பழைய கட்டடங்களின் உட்புறத்தை ஐந்து எக்ஸ்போஷர்களில், அதாவது ஐந்து வெவ்வேறு ஒளி அளவுகளில் எடுத்து, எச்.டி.ஆர். (ஹை டைனமிக் ரேஞ்ச்) முறையில் மென்பொருளில் சேர்க்கிறீர்கள். ஜன்னலும் தெரிகிறது, மூலையும் தெரிகிறது. ஆனால் படம் மட்டும் ஓவியம் மாதிரி இருக்கிறது: ஜன்னல் சட்டத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு வட்டம், சுவரெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி, மரமெல்லாம் எண்ணெய் தடவிய மாதிரி. அங்கே நின்று பார்த்தபோது கண்ணுக்குத் தெரிந்த மாதிரியே படம் வர, எதை எந்த வரிசையில் கற்றுக்கொள்வது?

நானும் இதே இடத்தில் ரொம்ப நாள் நின்றவன்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஸ்லைடர்களுக்குப் போவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு பழைய கூடத்துக்குள் நுழைந்தவுடன் நமக்கு முதலில் படுவது வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது. ஜன்னல் பளீரென்று இருக்கும், அதற்கு அடுத்தது அந்த வெளிச்சம் விழுகிற தரை, அப்புறம் எதிர்ச்சுவர், அப்புறம் தூணின் மறுபக்கம், கடைசியாக மேலே உத்தரங்களுக்கு நடுவில் தேங்கி நிற்கும் இருட்டு. இந்த வரிசைதான் அந்த இடம். படத்தில் இது கலையாமல் இருந்தால், வெளிச்ச வித்தியாசத்தை எவ்வளவு சுருக்கினாலும் கண் நம்பிவிடும். வரிசை புரண்டுவிட்டால், உதாரணமாக ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வானம் உள்ளே இருக்கும் வெள்ளைச் சுவரைவிட மங்கலாகப் போய்விட்டால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் இது பொய் என்று உடனே உறைக்கும். நீங்கள் அனுபவிக்கிற சிக்கலில் முக்கால்வாசி இதுதான். எல்லாம் தெரிய வேண்டும் என்று நினைத்து எடிட் செய்கிறோம், எல்லாம் ஒரே அளவு வெளிச்சத்தில் வந்து நிற்கிறது.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்த்தால் நல்லது. நேரடி வெயில் விழும் இடத்தில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும். தடித்த சுவரும் சின்ன ஜன்னலும் உள்ள பழைய அறையின் உள்பக்கத்தில் அது 10 லக்ஸுக்கு இறங்கிவிடுவது சாதாரணம். இதுவே 10,000 மடங்கு வித்தியாசம். ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு, அதனால் இது 13 ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல். அதோடு முடியவில்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும், புகை ஏறிய மரம் நூற்றுக்கு நாலைந்து பங்குதான் தரும், அந்த வித்தியாசத்துக்கு இன்னும் நாலு ஸ்டாப் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் 17 ஸ்டாப்பைத் தொடுகிறது. நல்ல கேமராவின் ரா கோப்பு, அதாவது கேமரா திருத்தாமல் அப்படியே தரும் கோப்பு, 12 முதல் 14 ஸ்டாப் வரை பிடிக்கும். பளபளப்பான தாளில் அச்சிட்டால் ஏறத்தாழ 7 ஸ்டாப்தான் வரும். ஆக, எப்படிச் செய்தாலும் பாதிக்குமேல் சுருக்கித்தான் ஆக வேண்டும். எங்கே சுருக்குவது, எங்கே தொடாமல் விடுவது என்று தீர்மானிப்பதுதான் எடிட்டிங். அந்தத் தீர்மானத்தை மென்பொருளிடம் விட்டால் அது எல்லா இடத்திலும் சமமாகச் சுருக்கும், ஏனென்றால் ஜன்னல் எது, சுவர் எது என்று அதற்குத் தெரியாது.

இது புதிய பிரச்சினையும் இல்லை. 1850களில் பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே என்ற புகைப்படக்காரர் கடல் காட்சிகளை எடுத்தபோது வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று இரண்டைச் சேர்த்து அச்சிட்டார். அவர் கையால் செய்ததைத்தான் நாம் இன்று மாஸ்க் போட்டு, அதாவது ஒரு படத்தின் வேண்டிய பகுதியை மட்டும் காட்டி மற்றதை மறைத்து, செய்கிறோம்.

எச்.டி.ஆர். என்று எல்லாரும் ஒரே வார்த்தையில் சொல்வதில் இரண்டு தனி வேலைகள் ஒளிந்திருக்கின்றன, இதைப் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். முதல் வேலை, பல எக்ஸ்போஷர்களைச் சேர்த்து அந்தக் காட்சியின் முழு ஒளி அளவையும் ஒரே கோப்பில் பதிவு செய்வது. இரண்டாவது, அந்தக் கோப்பைத் திரைக்கும் தாளுக்கும் அடங்குகிற மாதிரி சுருக்குவது, அதாவது டோன் மேப்பிங். முதல் வேலையில் ரசனைக்கு இடமே இல்லை, அது வெறும் அளவீடு. 1997இல் கணினி ஆய்வாளர்கள் பால் டெபவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் இதற்கான முறையை வெளியிட்டபோது அவர்கள் காட்டிய புகழ்பெற்ற உதாரணமே ஒரு தேவாலயத்தின் உட்புறம்தான், ஸ்டான்ஃபோர்டில் உள்ள நினைவு ஆலயம். 30 விநாடியில் தொடங்கி 1/1000 விநாடி வரை, ஒவ்வொரு ஸ்டாப் இடைவெளியில் 16 படங்கள். வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் சூரியன், கீழே இருண்ட மூலைகள். நீங்கள் எடுக்க நினைக்கிற அதே வகைக் காட்சி.

கெட்டுப்போவதெல்லாம் இரண்டாவது வேலையில். டோன் மேப்பிங்கில் இரண்டு வகை உண்டு. படம் முழுவதற்கும் ஒரே வளைவைப் பொருத்துவது ஒன்று. இதில் வெளிச்ச வரிசை மாறவே மாறாது, ஆனால் படம் கொஞ்சம் தட்டையாகத் தெரியலாம். ஒவ்வொரு புள்ளியையும் அதன் சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டு மாற்றுவது இன்னொன்று. கண்ணும் ஏறத்தாழ இப்படித்தான் வேலை செய்கிறது என்பதால் அளவோடு செய்தால் இது இயல்பாக இருக்கும். அளவு மீறினால்தான் நீங்கள் சொல்லும் அந்த வெள்ளை வட்டம். ஜன்னல் சட்டத்தை ஒட்டிய சுவருக்கு, பக்கத்திலேயே பிரகாசமான ஜன்னல் இருக்கிறது, அதனால் மென்பொருள் அந்தப் பகுதியை ஒரு மாதிரி கணக்கிடுகிறது. ஒரு சாண் தள்ளி இருக்கும் அதே சுவரை வேறு மாதிரி கணக்கிடுகிறது. ஒரே சுவர், இரண்டு வெளிச்சம், நடுவில் ஒரு மங்கலான எல்லை. 2002இல் எரிக் ரைன்ஹார்ட் குழுவினர் வெளியிட்ட முறை, ஃப்ரெடோ டுராண்டும் ஜூலி டோர்ஸியும் வெளியிட்ட முறை இரண்டுமே இந்த எல்லைக் கோளாறைத் தவிர்ப்பதற்குக் கணிசமாக உழைத்தவை. ஆனாலும் ஸ்லைடரைக் கடைசிவரை தள்ளினால் எந்த முறையும் தாங்காது.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். எக்ஸ்போஷர் ஃபியூஷன் என்பார்கள், 2007இல் மெர்டென்ஸ், காவுட்ஸ், வான் ரீத் மூவரும் தந்தது. இதில் நடுவே அந்தப் பெரிய கோப்பு உருவாவதே இல்லை. ஒவ்வொரு படத்திலும் எந்தப் பகுதி நன்றாக வந்திருக்கிறதோ அதற்கு அதிக எடை கொடுத்து நேரடியாகக் கலந்துவிடும். என்ஃபியூஸ் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்கிறது. இதில் கோரமான விளைவு வருவது கடினம், அதிகபட்சம் படம் கொஞ்சம் சோகையாக இருக்கும், அதற்கு மேல் நீங்கள் கான்ட்ராஸ்ட் சேர்த்துக்கொள்ளலாம். சோகையான படத்தைத் தேற்றுவது எளிது, வெந்து கருகின படத்தைத் திருப்ப முடியாது.

சரி, படம் எடுப்பதற்கு வருவோம். எடிட்டிங் பற்றித்தானே கேட்டேன் என்று நினைக்க வேண்டாம், எடிட்டிங்கில் கண்ணீர் வரவைக்கும் விஷயங்களில் பல, எடுக்கும்போதே தீர்த்திருக்கக்கூடியவை.

டிரைபாட் கட்டாயம். மேனுவல் மோட், மேனுவல் ஃபோகஸ், ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/8 பக்கம், ரா. ஷட்டர் வேகத்தை மட்டும்தான் மாற்ற வேண்டும். அபர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, மாற்றினால் எவ்வளவு தூரம் கூர்மை இருக்கிறது என்பதே படத்துக்குப் படம் மாறும், அப்புறம் எதுவும் பொருந்தாது. வைட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் ஏதாவது ஒன்றில் நிறுத்திவிடுங்கள். ராவில் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்தான், ஆனால் எல்லாப் படங்களும் ஒரே இடத்தில் தொடங்குவது வேலையைக் குறைக்கும். பழைய மரத்தளம் என்றால் இன்னொன்று: நீங்கள் காலை மாற்றி வைத்தால் பலகை அமுங்கி எழும், டிரைபாடும் கூடவே ஆடும். இரண்டு விநாடி டைமர் போதாது, தூரத்திலிருந்து இயக்கும் ரிமோட் இருந்தால் பயன்படுத்துங்கள், தொடரை எடுத்து முடிக்கும்வரை அசையாமல் நில்லுங்கள். எனக்கு ஒரு மாடிக்கூடத்தில் எடுத்த அத்தனை தொடர்களும் இதனாலேயே வீணாகின.

எத்தனை படம்? மூன்று, ஐந்து, ஏழு என்று யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் கேட்காதீர்கள், அந்த அறைதான் அதைச் சொல்ல வேண்டும். முதலில் ஜன்னலுக்காக ஒரு எக்ஸ்போஷரைக் கண்டுபிடியுங்கள்: ஹிஸ்டோகிராமின் (இடப்பக்கம் இருட்டும் வலப்பக்கம் வெளிச்சமும் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் எதுவும் முட்டாத வேகம். அப்புறம் இருண்ட மூலைக்காக: இடது ஓரத்தில் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்காத வேகம். ஜன்னலுக்கு 1/500, மூலைக்கு 2 விநாடி என்று வந்தால் இடையில் 10 ஸ்டாப். இரண்டிரண்டு ஸ்டாப்பாக 1/500, 1/125, 1/30, 1/8, 1/2, 2 என்று ஆறு படம் போதும். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒன்று எடுக்க வேண்டிய தேவை இன்றைய சென்சார்களில் பெரும்பாலும் இல்லை. மேகமூட்டமான நாளில், வடக்குப் பார்த்த ஜன்னல் மட்டும் இருந்தால், ஒரே ரா கோப்பே போதுமானதாக இருக்கலாம். வெளிச்சப் பகுதி முட்டாத அளவுக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்து, நிழலைப் பின்னால் தூக்கினால் சரியாக வந்துவிடும். சேர்க்கத் தேவையில்லாத இடத்தில் சேர்ப்பதும் செயற்கைத்தனத்துக்கு ஒரு காரணம்தான். டிரைபாடை அனுமதிக்காத இடங்களில் நான் இந்த ஒற்றைக் கோப்பு வழியைத்தான் நம்புகிறேன், தூணிலோ தரையிலோ கேமராவை அழுத்திப் பிடித்துக்கொண்டு.

நேரம் இருந்தால் காத்திருங்கள். நேர்வெயில் ஜன்னல் வழியே உள்ளே விழும் நேரத்தைவிட, அது விலகிய பிறகு, அல்லது ஒரு மேகம் மறைக்கும்போது, மூன்று நாலு ஸ்டாப் வித்தியாசம் தானாகவே குறைந்துவிடும். எந்த மென்பொருளும் அதற்கு ஈடாகாது.

உள்ளே குண்டு பல்பு எரிகிறது என்றால் அணைக்க முடியுமா என்று கேளுங்கள். குண்டு பல்பின் நிறம் 2,700 கெல்வின் பக்கம், ஜன்னல் வழியே வரும் பகல் 5,500க்கு மேல், நிழல் பக்கத்து வானம் என்றால் இன்னும் நீலம். இரண்டும் ஒரே சுவரில் கலந்தால், ஒன்றைச் சரி செய்ய மற்றது கெடும். அணைக்க முடியாவிட்டால் எரிய வைத்து ஒரு தொடர், யாராவது ஒரு கணம் அணைத்தால் இன்னொரு தொடர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கலந்துகொள்ளலாம்.

இன்னொன்று, இதைச் செய்பவர்கள் குறைவு, ஆனால் நீங்கள் கற்றுக்கொள்ளும் வேகத்தை இரண்டு மடங்காக்கும். கேமராவை மூடி வைத்துவிட்டு ஐந்து நிமிடம் அங்கேயே நின்று கண்ணால் பார்த்து எழுதுங்கள். மூலையில் இருக்கும் அலமாரியின் கதவில் உள்ள செதுக்கல் எனக்குத் தெரிகிறதா, அல்லது அங்கே அலமாரி இருக்கிறது என்பது மட்டும்தான் தெரிகிறதா? ஜன்னலுக்கு வெளியே மரத்தின் இலைகள் தெரிகின்றனவா, வெறும் பச்சை வெளிச்சமா? மேற்கூரையின் நிறம் என்ன? நாலு வரி போதும். வீட்டுக்கு வந்து திரைக்கு முன்னால் உட்காரும்போது ஞாபகம் உங்களை ஏமாற்றும், மென்பொருள் காட்டுவதையே பார்த்ததாக மனம் ஒப்புக்கொள்ளும். அந்த நாலு வரி மட்டும் மாறாது.

சேர்ப்பதற்கு எந்த மென்பொருள் என்பதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். லைட்ரூமில் 2015 முதல் இந்த வசதி இருக்கிறது. சேர்த்து வரும் டி.என்.ஜி. கோப்பு ரா போலவே நடந்துகொள்ளும், எக்ஸ்போஷர் ஸ்லைடர் வழக்கமான 5க்குப் பதிலாக 10 ஸ்டாப் வரை இரு பக்கமும் போகும், அதாவது வெளிச்சம் முழுவதும் அதற்குள் பத்திரமாக இருக்கிறது. பணம் செலவழிக்க விருப்பமில்லை என்றால் எச்.டி.ஆர். மெர்ஜ் என்ற இலவச மென்பொருளில் சேர்த்து ராதெரபி அல்லது டார்க்டேபிளில் திறக்கலாம், தரத்தில் குறை ஒன்றும் இல்லை. சேர்க்கும்போது தானாக டோன் செய்யும் பெட்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அசைந்த பொருள்களைச் சரிசெய்யும் டிகோஸ்ட் வசதியையும் தேவை இல்லாமல் போடாதீர்கள். ஜன்னலுக்கு வெளியே மரக்கிளை ஆடியிருந்தால் அது அந்த இடத்துக்கு ஏதோ ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து ஒட்டும், பல சமயம் இரைச்சல் (புள்ளிப் புள்ளியான பிசிறு) நிறைந்த படத்தை. அந்த ஜன்னலுக்கு மட்டும் கையால் ஒரே படத்தை வைப்பது நல்லது, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இப்போது எடிட்டிங். தொடங்குவதற்கு முன், உங்கள் தொடரில் கண்ணுக்கு மிக நெருக்கமாக இருக்கும் ஒற்றைப் படத்தைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் நடுப்படம். அதில் ஜன்னல் வெந்திருக்கும், மூலை கறுத்திருக்கும், ஆனால் நடுவில் இருக்கும் சுவரும் தரையும் உண்மையாக இருக்கும். நீங்கள் செய்யப்போகும் எல்லாமே அந்தப் படத்தின் இரண்டு முனைகளைத் திருத்துவது மட்டும்தான். நடுப்பகுதி அந்தப் படத்திலிருந்து விலகத் தொடங்கினால் நிறுத்துங்கள். எனக்கு இந்த ஒரு பழக்கம் செய்த உதவியை வேறு எந்தக் கருவியும் செய்யவில்லை.

முதலில் மொத்த எக்ஸ்போஷரை, முக்கியமான சுவர் சரியாக வரும்வரை நகர்த்துங்கள். பிறகு ஹைலைட்டை (பிரகாசமான பகுதிகளுக்கான ஸ்லைடர்) குறையுங்கள், ஜன்னலில் சட்டமும் வெளிப்புறத்தின் கோடுகளும் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். வெளியே இருக்கும் ஒவ்வொரு இலையும் தெளிவாக வர வேண்டியதில்லை. உள்ளே நின்ற கண்ணுக்கு அது அப்படித் தெரியவும் இல்லை. அப்புறம் ஷேடோ, நிழல் பகுதிகளுக்கானது. இதில்தான் எல்லாரும் வழுக்கி விழுகிறோம், 100 வரை தள்ளிவிடுகிறோம். 20, 30 என்று வைத்துப் பாருங்கள், ஒரு நிமிடம் கண்ணைப் பழக விடுங்கள், போதாது என்று தோன்றினால் மட்டும் இன்னும் கொஞ்சம். ஷேடோவைத் தூக்கிய கையோடு பிளாக்கைக் கீழே இறக்கி, படத்தில் எங்கேயாவது ஓரிடத்தில் உண்மையான கறுப்பு இருக்கும்படி செய்யுங்கள்: கதவின் அடிவிளிம்பு, உத்தரம் சுவரில் நுழையும் பொந்து, மாடிப்படியின் அடி. அந்தச் சின்னக் கறுப்பு இல்லாவிட்டால் கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்காது, சாம்பல் பூத்த தோற்றம் அதனால் வருவதுதான்.

எவ்வளவு கறுப்பு, எவ்வளவு வெளுப்பு என்பதற்கு அளவுகோல் வேண்டும் என்றால், ஆன்சல் ஆடம்ஸ், ஃப்ரெட் ஆர்ச்சர் என்ற இரண்டு புகைப்படக் கலைஞர்கள் 1940ஐ ஒட்டி வகுத்த மண்டல முறையைப் படியுங்கள். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 10, நடுச் சாம்பல் 5. பழைய உட்புறத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இப்படி: வெளிச்சம் படும் சுண்ணாம்புச் சுவர் 7, நிழல் பக்கச் சுவர் 4 அல்லது 5, விவரம் தெரிய வேண்டிய இருண்ட மரம் 3, மூலைகள் 1 அல்லது 2, ஜன்னல் 9. இதை அப்படியே பின்பற்ற வேண்டும் என்றில்லை. ஆனால் எடிட் செய்து முடித்த உங்கள் படத்தில் எல்லாமே 4க்கும் 6க்கும் நடுவில் குவிந்திருந்தால், அது ஏன் உயிரில்லாமல் இருக்கிறது என்பதற்கு வேறு பதில் தேட வேண்டாம்.

கிளாரிட்டி, அதாவது சின்னச் சின்ன விவரங்களை அழுத்திக் காட்டும் ஸ்லைடர், பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய கட்டடம் என்றவுடன் பெயர்ந்த காரை, ஈரம் ஏறிய கறை, தேய்ந்த படிக்கட்டு எல்லாவற்றையும் உறுத்தித் தெரியவைக்க ஆசை வரும், கை தானாக அந்த ஸ்லைடருக்குப் போகும். சுண்ணாம்புக் காரை என்பது வெளிச்சத்தை மெத்தென்று சிதறவிடும் பொருள். அதற்கு 40, 50 கிளாரிட்டி கொடுத்தால் தகரத்தில் துரு ஏறிய மாதிரி ஆகிவிடும், அந்தச் சுவரின் குணமே போய்விடும். சுவரின் சொரசொரப்பைக் காட்டுவது பக்கவாட்டில் விழும் வெளிச்சமும் அதனால் ஒவ்வொரு மேட்டுக்கும் பின்னால் விழும் குட்டி நிழலும்தான். நீங்கள் ஷேடோவை அதிகம் தூக்கினால் அந்தக் குட்டி நிழல்கள் அழிகின்றன, பிறகு அழிந்ததைத் திரும்பக் கொண்டுவரக் கிளாரிட்டி போடுகிறீர்கள். முதல் தவறைச் செய்யாவிட்டால் இரண்டாவதற்குத் தேவையே வராது. நான் படம் முழுவதற்கும் 10ஐத் தாண்டுவதில்லை. தூணின் செதுக்கல் மாதிரி ஓரிடத்துக்கு வேண்டும் என்றால் பிரஷால் அங்கே மட்டும்.

நிறத்துக்கும் இதே நிதானம் வேண்டும். வெளிச்சத்தைச் சுருக்கும்போது நிறங்கள் தாமாகவே அடர்த்தியாகிவிடும், அதிலும் மர நிறமும் செங்கல் நிறமும். ஆரஞ்சு, மஞ்சள் இரண்டையும் மட்டும் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், பல படங்கள் உடனே அமைதியாகிவிடும். வைட் பேலன்ஸில் எல்லாச் சுவரையும் தூய வெள்ளையாக்க முயல வேண்டாம். ஜன்னல் பக்கச் சுவரில் லேசான நீலமும், மரத்தரையில் பட்டுத் தெறித்த வெளிச்சத்தால் கூரையில் லேசான பழுப்பும் இருப்பது பிழை இல்லை, அது அந்த அறையின் ஒளி. நீலம் உறுத்தினால் அந்தப் பகுதிக்கு மட்டும் மாஸ்க் போட்டுப் பாதி அளவு திருத்துங்கள், பாதிக்கு மேல் போகாதீர்கள்.

இனி ஜன்னல். ஸ்லைடர்களால் மட்டும் நல்ல ஜன்னல் வருவது அபூர்வம், நான் கையால் கலப்பதையே விரும்புகிறேன். போட்டோஷாப் அல்லது கிம்ப் எதுவானாலும் சரி. உங்கள் திருத்திய படம் கீழே, ஜன்னலுக்காக எடுத்த இருண்ட படம் மேலே, அதற்குக் கறுப்பு மாஸ்க். பிறகு மென்மையான பெரிய பிரஷை வைத்து, 10 அல்லது 15 விழுக்காடு ஒபாசிட்டியில் (பூச்சின் அடர்த்தியில்), வெள்ளையால் மெல்ல மெல்லத் தடவுங்கள். ஐந்தாறு முறை தடவியதும் வெளியே இருப்பது மெதுவாக எழுந்து வரும். இது ஜன்னல் என்று கண் நம்பும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும், 100 விழுக்காடு வரை போகக் கூடாது. வெளிச்சத்தின் அளவைக் கொண்டே மாஸ்க் உருவாக்கும் முறை, அதாவது லூமினாசிட்டி மாஸ்க், தெரிந்தால் இன்னும் நேர்த்தி. பிரகாசமான பகுதிகளே மாஸ்க் ஆகிவிடுவதால் சட்டத்தின் குறுக்குக் கம்பிகளில் பிசிறு வராது.

ஜன்னலைச் சுற்றி இயல்பாகவே ஒரு மெல்லிய ஒளிக் கசிவு இருக்கும். லென்ஸுக்குள் சிதறும் வெளிச்சம் அது, கண்ணுக்குள்ளும் அதுவே நடக்கிறது. அதை முழுக்கத் துடைத்துவிட்டால் ஜன்னல், சுவரில் மாட்டிய போட்டோ மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் விடுங்கள். டோன் மேப்பிங் தருகிற வட்டத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்றால், ஒளிக் கசிவு ஜன்னலிலிருந்து தொடங்கி வெளியே போகப்போக மங்கும், ஜன்னலின் நிறமும் அதில் இருக்கும். அந்த வட்டமோ சுவரின் நிறத்திலேயே வெளுத்துப்போய், சட்டத்தை நகல் எடுத்த மாதிரி கூடவே ஓடும். 100 விழுக்காடு பெரிதாக்கி ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. அப்படிப் பார்க்கும்போதே கம்பிகளின் ஓரத்தில் ஊதா நிறம் இருந்தால் நீக்கிவிடுங்கள். செங்குத்துக் கோடுகளை நேராக்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சுவர் உண்மையிலேயே சாய்ந்திருக்கிறதா என்று உங்கள் குறிப்பைப் பாருங்கள். பழைய கட்டடத்தில் சில சுவர்கள் சாய்ந்துதான் இருக்கும், அதை நிமிர்த்த நமக்கு உரிமை இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு வெளிச்சத்தின் திசையைக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும், சுருக்கும்போது அது பலவீனமாகியிருக்கும். வெளிச்சம் விழும் பக்கத்தைப் பெரிய பிரஷால் கால் ஸ்டாப் ஏற்றுவது, மறுபக்கத்தை அதே அளவு இறக்குவது. தரையில் ஜன்னலிலிருந்து தள்ளிப் போகப்போக வெளிச்சம் குறைகிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால் ஒரு கிரேடியன்ட் போட்டுக் குறையுங்கள். இது இருட்டறையில் அச்சிட்டவர்கள் கையை வைத்து மறைத்துச் செய்த அதே வேலை.

கற்றுக்கொள்ளும் வரிசையைக் கேட்டிருந்தீர்கள். ஒரு மாதம் எச்.டி.ஆர். பக்கமே போகாமல், ஒற்றை ரா கோப்பை மட்டும் வைத்து உட்புறங்களைத் திருத்திப் பழகுங்கள், எதை இழக்கலாம் என்று அது கற்றுக்கொடுக்கும். அடுத்து இரண்டே இரண்டு படங்களை, ஜன்னலுக்கு ஒன்று அறைக்கு ஒன்று, கையால் மாஸ்க் போட்டுக் கலந்து பாருங்கள். இருபது படம் இப்படிச் செய்தால் கை பழகிவிடும். அதன் பிறகு என்ஃபியூஸ், கடைசியில் முழு எச்.டி.ஆர். கோப்பும் டோன் மேப்பிங்கும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், கடைசிக் கருவியில் தொடங்கி அங்கேயே சிக்கிக்கொள்கிறார்கள்.

சோதித்துப் பார்க்க எனக்கு உதவிய சில பழக்கங்கள் உண்டு. படத்தைத் தபால்தலை அளவுக்குச் சிறிதாக்குங்கள், அந்த அளவிலும் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடிய வேண்டும். கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், நிறம் மறைத்துவைத்திருந்த தட்டைத்தனம் அப்போது வெளியே வரும். இடம் வலமாகத் திருப்பிப் பாருங்கள், பழகிப்போன கண்ணுக்கு அது புதுப்படம் ஆகிவிடும். திரையின் பிரகாசத்தையும் கவனியுங்கள். இரவில் இருட்டு அறையில், முழுப் பிரகாசத்தில் வைத்த திரையில் எடிட் செய்தால், மறுநாள் எல்லாப் படமும் ஒரு ஸ்டாப் இருட்டாகத் தெரியும். அப்புறம், முடித்த படத்தை அன்றே யாருக்கும் அனுப்பாதீர்கள். மறுநாள் காலையில் திறந்து, முதல் மூன்று விநாடியில் உங்கள் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். அறைக்குள் போனால் சரி. ஜன்னல் ஓரத்துக்கோ ஏதாவது ஒரு சுவரின் சொரசொரப்புக்கோ போனால், திருத்தங்கள் இருக்கும் லேயரின் ஒபாசிட்டியை 60 விழுக்காட்டுக்குக் குறைத்துவிட்டு மறுபடி பாருங்கள். என் படங்களில் பத்தில் ஏழு முறை அந்த 60தான் சரியாக இருந்திருக்கிறது.

நீங்கள் எடுத்த ஐந்து படத் தொடர்களில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, சேர்க்கப்பட்ட பழைய கோப்பை ஓரமாக வைத்துவிட்டு, நடுப்படத்தையும் இருண்ட படத்தையும் மட்டும் கலந்து பாருங்கள். மூலைகளை இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.